இளவேனிலில் இறங்கும் பனி

அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில், கனடா நாட்டின் எல்லையை ஒட்டிக் கிளேசியர் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. அதன் மலைகளைக் கடந்து செல்லும் சாலைக்குச் ‘சூரியனை நோக்கிச் செல்லும் சாலை’ என்று பெயர். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலையின் திறப்பு விழா 1933-ஆம் ஆண்டு நடைபெற்றது. செங்குத்தான மலைச்சுவரைக் குடைந்து அமைக்கப்பட்ட இச்சாலை, லோகன் கணவாய் என்னும் இடத்தில் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தை எட்டுகிறது.

குளிர்காலத்தில் இந்தச் சாலையின் மேற்பகுதி உறைபனியின் கீழ் முற்றிலும் மறைந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதத்தில் தொழிலாளர்கள் பனி அகற்றும் இயந்திரங்களோடு மலையேறத் தொடங்குவார்கள். கணவாய்க்கு அருகில் பனி 20 மீட்டருக்கும் மேல் குவிந்திருப்பதுண்டு. ஆகவே, சாலை முழுவதையும் திறக்க ஜூன் மாதத்தின் பிற்பகுதியோ ஜூலை மாதத் தொடக்கமோ ஆகிவிடும்.

இந்த வேலை ஆபத்தானது. 1953-ஆம் ஆண்டு மே மாதத்தில், சாலையில் பனி அகற்றிக்கொண்டிருந்த தொழிலாளர்களைப் பனிச்சரிவு ஒன்று தாக்கியது. அவர்களுள் இருவர் உயிரிழந்தனர். பனிக்குள் புதைந்த மற்றொருவர் பல மணி நேரத்திற்குப் பிறகே உயிருடன் மீட்கப்பட்டார்.

குளிர்காலப் புயலில் பனிச்சரிவு ஏற்படுவது பலரும் அறிந்த செய்தி. வானம் தெளிந்து, வெயில் காயும் மே மாதத்தில் பனி ஏன் சரிகிறது? யாரும் தொடாத பனியைத் தள்ளிவிடுவது எது? அது எப்போது சரியும் என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா? இக்கேள்விகளுக்கு விடை தேடும் ஆய்வாளர்கள், இளவேனிற்காலம் முழுவதும் மலைகளைக் கவனித்து வருகின்றனர்.

பனியின் வலிமையும் நீரின் வேலையும்

மலையில் விழும் பனி ஒரே கட்டியாக இருப்பதில்லை. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒரு தனி அடுக்காகப் படிகிறது. ஓர் அடுக்கு இறுக்கமாக இருக்கும். மற்றோர் அடுக்கு சர்க்கரையைப் போல உதிரியாக இருக்கும். ஒவ்வோர் அடுக்கிலும் உள்ள பனித்துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் ஒட்டிக்கொள்கின்றன. இந்தச் சிறு பிணைப்புகளே பனியை மலைச்சரிவில் தாங்கி நிற்கின்றன. பனியின் எடையோ அதைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. பிணைப்பின் வலிமை எடையின் இழுவையைவிடக் குறையும்போது பனி சரிகிறது.

குளிர்காலத்தில் புதிதாக விழும் பனி அதிக எடையைச் சேர்ப்பதாலும், மனிதர்கள் அதன்மீது நடப்பதாலும் பனிச்சறுக்கு விளையாடுவதாலும் உலர்பனிச் சரிவுகள் ஏற்படுகின்றன. இளவேனிற்காலத்தில் நிகழ்வது வேறு. அப்போது எடை பெரிதும் கூடாமலேயே பனியின் வலிமை குறைந்துவிடுகிறது. அதற்குக் காரணம் நீர்.

சூரியனின் வெப்பம் முதலில் பனியின் குளிரைப் போக்குகிறது. பனியடுக்கு முழுவதும் மேலிருந்து கீழ்வரை 0 பாகை செல்சியஸை அடைந்த பிறகு, அதற்குமேல் சேரும் வெப்பம் பனியின் வெப்பநிலையை உயர்த்துவதில்லை; பனியை உருக்குகிறது. உருகிய நீர் துகள்களுக்கிடையே உள்ள இடைவெளிகளில் இறங்கத் தொடங்குகிறது.

கடற்கரையில் மணல்வீடு கட்டியவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. காய்ந்த மணல் கையில் நிற்காது. சிறிதளவு நீர் சேர்த்தால் மணல் ஒட்டிக்கொள்ளும். நீரை மேலும் ஊற்றினால் மணல்வீடு இடிந்து வழிந்துவிடும். பனியும் அப்படித்தான். சிறிதளவு ஈரம் துகள்களை ஒட்டவைக்கிறது. நீர் மிகுந்தால் பிணைப்புகள் கரைந்துவிடுகின்றன.

நீர் எல்லா இடங்களிலும் ஒரே சீராக இறங்குவதுமில்லை. ஐஸ் கச்சாங்கின் மேல் ஊற்றப்படும் பாகு சில இடங்களில் துளையிட்டு விரைவாக இறங்குவதையும், சில இடங்களில் தேங்குவதையும் பலரும் பார்த்திருப்பார்கள். அதுபோல, உருகிய நீர் வழியில் உறைந்த பனித்தகடு ஒன்றைக் கண்டால் அதன்மேல் தேங்கி, அங்குள்ள அடுக்கை வலுவிழக்கச் செய்கிறது. தடையின்றித் தரையை அடைந்தால், பனிக்கும் தரைக்கும் இடையே வழுக்கும் படலமாகப் பரவுகிறது. மேலே பனி வெண்மையாகவும் அமைதியாகவும் தோன்றினாலும், அடியில் அதன் பிடி தளர்ந்திருக்கும்.

மூன்று வகை ஈரப்பனிச்சரிவுகள்

இளவேனிற்காலத்தில் தானாக ஏற்படும் ஈரப்பனிச்சரிவுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தளர்பனிச் சரிவு. இது மலைச்சரிவில் ஒரு சிறு புள்ளியிலிருந்து தொடங்குகிறது. வெயிலில் சூடான ஒரு பாறையின் அருகிலோ ஒரு மரத்தின் அடியிலோ சிறிதளவு பனி நகர்கிறது. அது கீழே இறங்க இறங்கப் பக்கத்திலுள்ள ஈரப்பனியையும் சேர்த்துக்கொண்டு விசிறியைப் போல அகலமாகிறது.

இரண்டாவது, பாளச் சரிவு. அடியில் உள்ள ஓர் அடுக்கு நீரால் வலுவிழக்கும்போது, அதன்மேல் உள்ள பனி ஒரு பெரிய பாளமாக முறிந்து நகர்கிறது. முறிந்த இடத்தில் மலையின் குறுக்கே ஒரு நீண்ட கோடு தெரியும்.

மூன்றாவது, வழுக்குச் சரிவு. வழவழப்பான பாறையின்மீதோ சாய்ந்த புல்லின்மீதோ கிடக்கும் பனி முழுவதும் மெல்ல மெல்லக் கீழ்நோக்கி வழுக்குகிறது. அதனால் பனியில் ஒரு பெரிய பிளவு தோன்றுகிறது. அந்தப் பிளவுக்குக் கீழே உள்ள பனி சில மணி நேரத்தில் சரியலாம். சில வாரங்கள் கழித்துச் சரியலாம். சரியாமலேயே உருகியும் போகலாம். பிளவானது பனி எங்கே சரியக்கூடும் என்பதைக் காட்டுகிறது. எப்போது சரியும் என்பதைக் காட்டுவதில்லை.

ஈரப்பனி உலர்பனியைவிட மெதுவாகவே நகரும். உலர்ந்த தூள்பனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாயக்கூடியது. ஈரப்பனிச்சரிவின் வேகம் பெரும்பாலும் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் குறைவாக இருக்கும். ஆயினும், அதன் எடை மிக அதிகம். புதிதாக விழுந்த உலர்பனி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோகிராம் எடைதான் இருக்கும். நனைந்த பழைய பனியோ 400 கிலோகிராமுக்கும் மேல் இருக்கக்கூடும். அது மரங்களையும் கற்களையும் மண்ணையும் வாரிக்கொண்டு வருகிறது. நின்றவுடன் சிமெண்டைப் போல இறுகிவிடுகிறது. அதில் புதைந்தவரைத் தோண்டி எடுப்பது மிகவும் கடினம்.

உலர்பனியாக இருந்தால், ஆபத்தான பனியை வெடிவைத்து முன்கூட்டியே சரியச் செய்யலாம். பல நாடுகளில் இம்முறை வழக்கத்தில் உள்ளது. ஆனால், ஈரப்பனியில் இது பெரும்பாலும் பலனளிப்பதில்லை. வெடியின் அதிர்வைவிட உள்ளே இறங்கும் நீரே அதன் வலிமையைக் கெடுக்கிறது. ஆகவே, மனிதர் செய்யக்கூடியது ஒன்றுதான்: அது எப்போது, எங்கே சரியக்கூடும் என்று கணித்து, அந்நேரத்தில் அவ்விடத்தில் இல்லாமல் இருப்பது. உற்றுநோக்கல் இங்கு உயிர்காக்கும் வேலையாவது இதனால்தான்.

மலை காட்டும் அறிகுறிகள்

ஈரப்பனிச்சரிவுகள் பல வேளைகளில் சில அறிகுறிகளைக் காட்டிவிட்டே வருகின்றன. அவற்றுள் முதலாவது, முந்தைய இரவின் வானிலை. மேகமற்ற இரவில் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்திற்கு இழந்து, உறைந்து, உறுதியான மேலோடாகிறது. மறுநாள் காலையில் வெயில் அந்த மேலோட்டை உருக்கும்வரை பனி ஓரளவு நிலையாக இருக்கும். மேகம் மூடிய இரவில் நிலைமை வேறு. மேகம் போர்வையைப் போல வெப்பத்தைத் தடுத்துவிடுவதால் பனி உறைவதில்லை. இத்தகைய இரவுகள் தொடர்ந்து வந்தால் ஆபத்து நாளுக்கு நாள் அதிகரிக்கிறது. பனியின்மேல் மழை பெய்தாலும் ஆபத்து விரைவில் கூடும்.

இரண்டாவது, சூரியனின் திசை. வட அரைக்கோளத்து மலைகளில் காலை வெயில் கிழக்கு நோக்கிய மலைச்சரிவுகளில் முதலில் படுகிறது. நண்பகலில் தெற்கு நோக்கியவையும், பிற்பகலில் மேற்கு நோக்கியவையும் சூடாகின்றன. பனிச்சரிவுகளும் பெரும்பாலும் இந்த வரிசையைப் பின்பற்றுகின்றன. வடக்கு நோக்கிய மலைச்சரிவுகளில் பனி நெடுநாள் குளிர்ந்தே இருந்து, பருவத்தின் பிற்பகுதியில்தான் நனையத் தொடங்கும்.

மூன்றாவது, பனியின் தோற்றம். மரத்தடியிலிருந்தும் பாறையிலிருந்தும் சிறு பனியுருண்டைகள் தாமாக உருண்டு வருவது, மேற்பரப்பு நனைந்துவிட்டது என்பதற்கு அடையாளம். காலை வைத்தால் முழங்கால்வரை புதைவதும், பக்கத்து மலைச்சரிவில் சிறு சரிவுகள் ஏற்படுவதும் மேலும் தெளிவான எச்சரிக்கைகள்.

ஒரு பருவத்தில் முதன்முதலாக நீர் பனியின் அடிவரை இறங்கும் காலமே மிகவும் ஆபத்தானது. பலமுறை உருகி உறைந்த பிறகு பனித்துகள்கள் பருமனாகின்றன. நீர் வடியும் வழிகளும் உருவாகிவிடுகின்றன. எனவே, அதே வெயில் சில வாரங்கள் கழித்து அடித்தால் அந்த அளவு ஆபத்து ஏற்படாமல் இருக்கலாம். இன்றைய வெப்பநிலையை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாததற்குக் காரணம் இதுதான். பனி கடந்து வந்த பருவத்தின் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும்.

கையும் கண்ணும் குறிப்பேடும்

கண்காணிப்பாளர்களின் வேலை விடியலுக்கு முன்பே தொடங்குகிறது. மலைமேல் உள்ள தானியங்கி வானிலை நிலையங்கள் இரவு முழுவதும் அனுப்பிய வெப்பநிலை விவரங்களை அவர்கள் முதலில் பார்க்கிறார்கள். பிறகு, பாதுகாப்பான ஓரிடத்தில் பனியில் குழி தோண்டி, மேலிருந்து அடிவரை சீரான இடைவெளிகளில் வெப்பமானியைச் செருகி அளக்கிறார்கள். எல்லா இடங்களிலும் 0 பாகையைக் காட்டினால், பனி முழுவதும் உருகும் நிலையை அடைந்துவிட்டது என்று பொருள்.

ஈரத்தை அறிய ஓர் எளிய சோதனையும் உண்டு. கையுறை அணிந்த கையால் ஒரு பிடி பனியை அள்ளிப் பிடிக்கிறார்கள். உருண்டை பிடிக்க முடியாவிட்டால் அது உலர்பனி. எளிதில் உருண்டையானால் அதில் இலேசான ஈரம் உண்டு. உற்றுப் பார்க்கும்போது துகள்களுக்கிடையே நீர் தெரிந்தும், அழுத்தினால் வடியாவிட்டால் அது ஈரப்பனி. அழுத்தும்போது நீர் வடிந்தால் அது மிகுந்த ஈரம் கொண்டது. பனி, நீரில் ஊறிய கூழைப் போலிருந்தால் அது ஐந்தாவது நிலை. உலகின் பல நாடுகளில் பனி ஆய்வாளர்கள் இந்த ஐந்து நிலைகளையே பயன்படுத்துகிறார்கள்.

அதன் பிறகு தொலைநோக்கியால் எதிரிலுள்ள மலைச்சரிவுகளை வரிசையாக ஆராய்கிறார்கள். புதிய சரிவு ஒன்று தெரிந்தால் அதன் வகை, அது தொடங்கிய உயரம், மலைச்சரிவின் திசை, அது வந்து நின்ற இடம், நிகழ்ந்த நேரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். அதன் அளவையும் 1 முதல் 5 வரையிலான எண்ணால் குறிக்கிறார்கள். முதல் அளவுச் சரிவு பொதுவாக மனிதரைப் புதைக்காது. இரண்டாம் அளவு மனிதரைப் புதைத்துக் கொல்லக்கூடும். மூன்றாம் அளவு ஒரு வாகனத்தையே புதைத்துவிடும்.

சரிவு எதுவும் ஏற்படாத நாளிலும் குறிப்பேடு வெறுமையாக இருப்பதில்லை. ‘இன்று சரிவு இல்லை’ என்பதும் ஒரு தகவலே. அதே வெயிலும் அதே வெப்பமும் இருந்தும் பனி ஏன் சரியவில்லை என்பதை அறிந்தால்தான், அது எப்போது சரியும் என்பதை மேலும் சரியாகக் கணிக்க முடியும்.

கண்ணுக்கு எட்டாததைக் காணும் கருவிகள்

கண்ணால் மட்டும் கவனிப்பதில் ஒரு குறை உண்டு. மாலையில் இல்லாத பனிக்குவியல் மறுநாள் காலையில் கிடந்தால், அது எந்த நேரத்தில் விழுந்தது என்று சொல்ல முடியாது. நேரம் தெரியாவிட்டால் காரணத்தை அறிவதும் கடினம். இக்குறையைப் போக்கும் முயற்சிகளில் சுவிட்சர்லாந்து நாட்டின் டாவோஸ் நகரம் முன்னோடியாக விளங்குகிறது.

டாவோஸுக்கு மேலே, ஏறத்தாழ 2,660 மீட்டர் உயரத்தில் உள்ள வைஸ்ஃப்ளூயோ என்னும் இடத்தில் 1936-ஆம் ஆண்டிலேயே அறிவியலாளர்கள் பனியை ஆராயத் தொடங்கினர். அப்பணி வளர்ந்து, இன்று பனி, பனிச்சரிவு ஆய்வுக் கழகமாக டாவோஸில் இயங்குகிறது. நகரை ஒட்டிய டோர்ஃப்பெர்க் மலைச்சரிவைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் படமெடுக்கும் கேமராக்களால் ஆய்வாளர்கள் கண்காணித்துள்ளனர். அப்படங்களை வரிசையாகப் பார்த்தால், பிளவு தோன்றிய நேரத்தையும் அது விரிந்த வேகத்தையும் பனி சரிந்த நேரத்தையும் அறியலாம்.

பனியின் அடியில் வந்து சேரும் நீரை அளக்கும் கருவிகளும், தரையின் நுண்ணிய அதிர்வைப் பதிவு செய்யும் கருவிகளும், மனிதச் செவிக்குக் கேட்காத தாழ்ந்த ஒலியை உணரும் கருவிகளும் இன்று பயன்பாட்டில் உள்ளன. இரவிலும் மூடுபனியிலும் நிகழும் சரிவுகளை இவை உணர்த்துகின்றன. செயற்கைக்கோள்களின் ரேடார் மேகத்தையும் ஊடுருவிப் பார்க்கக்கூடியது. கரடுமுரடாகக் குவிந்த பனிச்சரிவின் எச்சம் ரேடார் படத்தில் சுற்றியுள்ள பனியைவிடப் பளிச்செனத் தெரிகிறது. நார்வே நாட்டின் ஆய்வாளர்கள் இம்முறையில் பரந்த மலைப்பகுதிகளில் சரிவுகளைக் கண்டறிகின்றனர்.

கருவிகள் பெருகினாலும் மனிதரின் கவனம் தேவையற்றதாகிவிடவில்லை. சுவிட்சர்லாந்தில் இன்றும் பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் பலர் தத்தம் பகுதிகளிலிருந்து நாள்தோறும் தகவல் அனுப்புகின்றனர். தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டுவரும் இந்த அறிவை மதித்து, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா ஆகிய நாடுகளின் பனிச்சரிவு ஆபத்தைக் கையாளும் முறையை யுனெஸ்கோ நிறுவனம் 2018-ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது.

இவ்வறிவின் தேவை இனி இன்னும் கூடும். குளிர்காலம் வெப்பமாகி வருவதால், ஆல்ப்ஸ் மலைகளில் ஈரப்பனிச்சரிவுகள் இளவேனிலுக்கு முன்பே, குளிர்காலத்தின் நடுவிலும் ஏற்படுகின்றன. பழைய அனுபவத்தை மட்டும் நம்பி நாள் குறிக்க முடியாது.

முடிவெடுக்கும் பொறுப்பு

மீண்டும் கிளேசியர் தேசியப் பூங்காவுக்கு வருவோம். அமெரிக்கப் புவியியல் ஆய்வகமும் பூங்கா நிருவாகமும் இணைந்து, 2000-களின் தொடக்கத்திலிருந்து அங்கு இளவேனிற்காலப் பனிச்சரிவுகளைக் கணித்து வருகின்றன. சாலையில் வேலை நடக்கும்போது, மேலே உள்ள மலைச்சரிவுகளைக் கவனித்து எச்சரிப்பதற்கென்றே ஆட்கள் நிறுத்தப்படுகிறார்கள். இரைச்சலிடும் இயந்திரத்தின் உள்ளே இருப்பவருக்கு மேலே நடப்பது தெரியாது, ஓசையும் கேட்காது. அவருக்காக இன்னொருவர் பார்க்கிறார்.

வேலையை நிறுத்துவது எளிதான முடிவு அன்று. ஒரு நாள் நிறுத்தினால் சாலை திறப்பது ஒரு நாள் தள்ளிப்போகும். கோடைக்காலப் பயணிகளை நம்பி வாழும் கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் காத்திருக்க வேண்டும். ஆபத்து என்று நிறுத்திய நாளில் பனி சரியாமலும் போகலாம். அப்போது, வீணாக நிறுத்திவிட்டார்கள் என்று சிலர் குறை கூறக்கூடும். ஆனால், நிறுத்தாத நாளில் பனி சரிந்தால் இழப்பது ஒரு நாளை மட்டும் அன்று. 1953-ஆம் ஆண்டின் இழப்பு அதை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

‘வெள்ளம் வருமுன் அணைபோடு’ என்பது பழமொழி. மலையிலிருந்து இறங்கும் ஈரப்பனிக்கு எல்லா இடங்களிலும் அணைபோட முடியாது. அதன் வழியிலிருந்து உரிய நேரத்தில் விலகி நிற்க முடியும். அந்த நேரத்தை அறிவதற்குத்தான் இத்தனை அளவீடுகளும் குறிப்புகளும்.

கோடைக்காலத்தில் சாலை திறந்ததும் ஆயிரக்கணக்கான பயணிகள் லோகன் கணவாயை நோக்கிச் செல்கிறார்கள். சாலையோரத்தில் மண்ணும் முறிந்த கிளைகளும் கலந்த அழுக்குப் பனிக்குவியல்கள் சில இடங்களில் இன்னும் உருகாமல் கிடக்கும். பலர் அவற்றைத் திரும்பிப் பார்க்காமலேயே கடந்துவிடுவார்கள். ஒவ்வொரு குவியலும் ஒரு நாள் மேலிருந்து இறங்கி வந்ததுதான். அந்த நேரத்தில் சாலையில் யாரும் இருக்கக்கூடாது என்பதற்காக, விடியலுக்கு முன்பே எழுந்து ஒருவர் பனியைக் கையில் அள்ளி அழுத்திப் பார்த்திருக்கிறார்.